உரிமம் தருவது ஒருவர், பணம் தருவது ஒருவர், பார்ப்பது யார்?

(தொலைக்காட்சிக் கருத்துக்கள நிகழ்ச்சியில் இடம்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தீபாவளிக்கு இரண்டு வாரங்கள் இருக்கும்போது, சுங்கை பூலோ வட்டாரத்தில் ஏதாவது ஓர் ஆதரவற்றோர் இல்லத்தின் வாசலில் நின்று பார்ப்பவர்களுக்கு ஒரு காட்சி தெரியும். காலையில் ஒரு நிறுவனத்தார் அரிசி மூட்டைகளோடு வருவார்கள். பிற்பகலில் ஓர் இளைஞர் இயக்கம் புத்தாடைகளைக் கொண்டு வரும். மறுநாள் ஒரு பிரமுகர் அட்டையில் செய்த பெரிய காசோலையை நீட்டுவார். அதன் ஒரு முனையை இல்லத்தின் பொறுப்பாளர் பிடித்துக்கொள்வார். பிள்ளைகள் முன்வரிசையில் அமர, படம் எடுக்கப்படும்.

அதே வாசலில் ஜூலை மாதத்தில் நின்று பார்த்தால் யாரும் இருக்கமாட்டார்கள். அரிசி தீர்ந்திருக்கும். தண்ணீர்க் கட்டணமும் மின்சாரக் கட்டணமும் நிலுவையில் இருக்கும். சமையலுக்கு வந்த அம்மாள் வேறு வேலைக்குப் போயிருப்பார். பின்கட்டுக் கதவு பூட்டிக் கிடக்கும். அதன் சாவி எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது.

அந்த ஜூலை மாதத்தில் உள்ளே எட்டிப் பார்ப்பது யாருடைய வேலை என்பதே இன்றைய தலைப்பு. சமூக நலச் சேவைகளையும் அவற்றுக்குப் போய்ச் சேரும் பணத்தையும் கண்காணிப்பதில் ஊராட்சி மன்றங்களுக்கு, அதாவது நகராண்மைக் கழகங்களுக்கும் மாநகர் மன்றங்களுக்கும், என்ன பங்கு இருக்கிறது, என்ன பங்கு இருக்க வேண்டும் என்ற கேள்வி அது.

மூன்று தேதிகள்

இது ஏட்டளவிலான கேள்வி அன்று. கிள்ளான் பள்ளத்தாக்கைச் சுற்றியே மூன்று தேதிகளைச் சொல்லலாம்.

2011ஆம் ஆண்டு மே 21. உலு லங்காட்டில் ஒரு சிறுவர் இல்லத்தின் அருகே மேடு சரிந்து விழுந்தது. 16 பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் சிறுவர்கள். அந்த இல்லம் சமூக நல இலாகாவில் பதிவு பெறாதது என்ற விவரம் மண்ணைத் தோண்டி உடல்களை எடுக்கத் தொடங்கிய பிறகுதான் வெளியே பேசப்பட்டது.

2017ஆம் ஆண்டு செப்டம்பர் 14. கோலாலம்பூர், டத்தோ கிராமாட் பகுதியில் சமய விடுதிப் பள்ளி ஒன்று விடியற்காலையில் தீப்பிடித்தது. மாணவர்களும் வார்டன்களுமாக 23 பேர் உயிரிழந்தனர். தீ வேண்டுமென்றே வைக்கப்பட்டது என்பது பின்னர் விசாரணையில் தெரிந்தது. ஆனால் உள்ளே இருந்தவர்களால் வெளியேற முடியாமல் போனதற்குக் கட்டடமே காரணமாயிற்று. ஜன்னல்களில் இரும்புக் கம்பிகள் இருந்தன. தீயணைப்பு மீட்புத் துறையின் ஒப்புதலைப் பெறாமலேயே அது இயங்கி வந்திருக்கிறது.

2024ஆம் ஆண்டு செப்டம்பர் 11. சிலாங்கூரிலும் நெகிரி செம்பிலானிலும் 20 இல்லங்களில் போலீசார் ஒரே நாளில் சோதனை நடத்தி 402 பிள்ளைகளை மீட்டனர். ஒரு வணிக நிறுவனத்தோடு தொடர்புடையவை என்று சொல்லப்பட்ட இல்லங்கள் அவை. இத்தனை இல்லங்கள் இயங்கியபோது இதைப் பார்க்க வேண்டியவர் யார் என்ற கேள்வி நாடாளுமன்றம் வரை போனது.

மூன்று சம்பவங்களும் வெவ்வேறு காரணங்களால் நேர்ந்தவை. ஒன்று மண்சரிவு, ஒன்று தீ, ஒன்று மனிதர் செய்த குற்றம் பற்றியது. ஆனாலும் மூன்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. அந்த இடங்கள் எதுவும் காட்டுக்குள் ஒளிந்திருக்கவில்லை. அவை மக்கள் வாழும் இடங்களில் இருந்தன. அங்கும் குப்பை அள்ளப்பட்டது, கால்வாய் ஓடியது. ஊராட்சி மன்றத்தின் கை தொடாத இடம் என்று எதுவும் இல்லை. பார்க்கத்தான் ஆள் இல்லை.

ஏழு வாசல்கள்

சட்டம் இல்லையா என்று கேட்டால், சட்டத்துக்குக் குறைவே இல்லை. ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்ளலாம். ஓய்வு பெற்ற தாதி ஒருவர், தாமான் ஒன்றிலுள்ள தம்முடைய வீட்டில் கைவிடப்பட்ட முதியவர்களைச் சேர்த்துப் பராமரிக்கிறார். முதலில் இருவர், பிறகு மூவர். நான்காமவர் வந்து சேரும் நாளில் அந்த வீடு சட்டத்தின் கண்ணில் வீடாக இருப்பதில்லை. 1993ஆம் ஆண்டின் பராமரிப்பு மையச் சட்டப்படி, நால்வர் அல்லது அதற்கு மேற்பட்டோரைச் சேர்த்துப் பராமரிக்கும் இடம் ஒரு பராமரிப்பு மையம். அது பதிவு பெற்றாக வேண்டும்.

அன்று முதல் அந்தத் தாதி ஏறி இறங்க வேண்டிய வாசல்கள் இவை. அமைப்பாகப் பதிந்துகொள்ள 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டத்தின் கீழ் சங்கப் பதிவிலாகா. மையத்தைப் பதிய சமூக நல இலாகா. குடியிருப்பு வீட்டை இல்லமாக மாற்றத் திட்ட அனுமதி தர நகராண்மைக் கழகம். அவசர வழி, தீயணைப்புக் கருவி ஆகியவற்றைப் பார்க்கத் தீயணைப்பு மீட்புத் துறை. சமையலறை, கழிவறை, படுக்கை இடைவெளி ஆகியவற்றைப் பார்க்கச் சுகாதார அதிகாரிகள். நன்கொடை தருவோருக்கு வரி விலக்கு கிடைக்க, வருமான வரிச் சட்டத்தின் 44(6)ஆம் பிரிவின் கீழ் உள்நாட்டு வருமான வரி வாரியம். வீடு வீடாகவோ தெருவிலோ நிதி திரட்டுவதென்றால், 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் போலீஸ் அனுமதி.

ஆக ஏழு வாசல்கள். ஒவ்வொரு வாசலிலும் ஒரு கோப்பு. சங்கப் பதிவிலாகா ஆண்டுக் கணக்கைப் பார்க்கும், சமையலறையைப் பார்க்காது. தீயணைப்புத் துறை கதவைப் பார்க்கும், கணக்கைப் பார்க்காது. வரி வாரியம் ரசீதைப் பார்க்கும். அந்த ரசீதுக்குரிய பணத்தில் வாங்கிய பால் பிள்ளைகளின் கோப்பைக்கு வந்ததா என்று பார்க்காது. ஒவ்வொருவரும் தத்தம் வேலையைச் சரியாகச் செய்தாலும் ஏழு கோப்புகளும் ஒரே மேசைக்கு வந்து சேர்வது அரிது.

இதில் இரண்டு விதமான தீமை விளைகிறது. நல்ல மனத்தோடு இல்லம் நடத்தும் அந்தத் தாதி நான்காவது வாசலிலேயே களைத்துப் போய், பதிவே வேண்டாம் என்று திரும்பிவிடுகிறார். கெட்ட எண்ணத்தோடு நடத்துபவரோ ஒரு வாசலில் வாங்கிய சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டு மற்ற ஆறு வாசல்களைத் தாண்டிப் போய்விடுகிறார். சங்கப் பதிவுச் சான்றிதழைப் பார்த்துவிட்டு, இது அரசாங்கம் அங்கீகரித்த இல்லம் என்று நம்பிக் காசோலை எழுதும் நல்லவர்கள் எத்தனையோ பேர். சங்கமாகப் பதிவது வேறு, பராமரிப்பு மையமாகப் பதிவது வேறு என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை.

பணம் வரும் வழி

உரிமம் ஏழு வாசல்களில் என்றால், பணம் வேறு சில வாசல்கள் வழியாக வருகிறது. சமூக நல இலாகா தன்னார்வ அமைப்புகளுக்கு மானியம் தருகிறது. நாடாளுமன்ற உறுப்பினர், சட்டமன்ற உறுப்பினர் ஆகியோரின் தொகுதி ஒதுக்கீட்டிலிருந்தும் உதவி வருகிறது. இந்தியச் சமூகத்துக்கென்று கூட்டரசு ஏற்படுத்திய செடிக், 2018இல் மித்ரா என்று பெயர் மாறியது. ஆண்டுக்கு 10 கோடி வெள்ளி என்று பேசப்பட்ட பெரிய ஒதுக்கீடு அது. அந்த மானியங்கள் சில அமைப்புகளுக்கும் நிறுவனங்களுக்கும் போய்ச் சேர்ந்த விதம் குறித்து ஊழல் தடுப்பு ஆணையம் விசாரணை நடத்தியதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

அந்த விவகாரத்தில் யார் குற்றவாளி, யார் நிரபராதி என்பது நீதிமன்றங்களின் வேலை. இங்கே பார்க்க வேண்டியது தூரத்தை மட்டுமே. பணம் புத்ராஜெயாவில் புறப்படுகிறது. பயிற்சி வகுப்போ பாலர் பள்ளியோ முதியோர் இல்லமோ ஏதோ ஒரு தாமானில் இருக்கிறது. நடந்ததாகச் சொல்லப்படும் வகுப்பு உண்மையிலேயே நடந்ததா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியவர், அந்தத் தாமானில் குடியிருப்பவர் ஒருவரே. அவருக்கோ அப்படி ஒரு மானியம் தம் தெருவுக்கு வந்ததே தெரியாது. தெரியாத பணத்துக்கு யார் கணக்குக் கேட்க முடியும்?

ஊராட்சி மன்றம் நேராகப் பணம் தருவது குறைவு என்று சொல்வார்கள். அது பாதி உண்மை. 1976ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டத்தின் 134ஆம் பிரிவைப் பார்க்க வேண்டும். வழிபாட்டுத் தலங்கள், பொது மயானங்கள், இலாப நோக்கமின்றிப் பொது அறப்பணிக்கென்று மட்டுமே பயன்படும் கட்டடங்கள் ஆகியவற்றுக்கு மதிப்பீட்டு வரியிலிருந்து விலக்கு அளிக்கலாம் என்று அது கூறுகிறது. முடிவு மாநில அரசின் விருப்புரிமைக்கு உட்பட்டது. வாங்காமல் விட்ட வரியும் கொடுத்த மானியமே. அந்தத் தெருவில் மற்ற வீட்டுக்காரர்கள் ஆண்டுக்கு இரண்டு முறை கட்டும் வரியைக் கொண்டுதான் அந்த இல்லத்தின் முன்னே விளக்கு எரிகிறது, குப்பை வண்டி வருகிறது. ஆகவே அந்த இல்லம் எப்படி நடக்கிறது என்று கேட்கும் உரிமை அவர்களுக்கும் உண்டு. அது வம்பு பேசும் ஆசையாகாது. வரி செலுத்துபவரின் பங்காளி உரிமை.

ஒரே பெயர், பல கழகங்கள்

கூட்டரசு அரசியலமைப்புச் சட்டத்தின் 9ஆம் அட்டவணையில் அதிகாரங்கள் மூன்று பட்டியல்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன. சமூக நலம், கூட்டரசும் மாநிலமும் பகிர்ந்துகொள்ளும் பொதுப் பட்டியலில் முதல் இடத்தில் இருக்கிறது. ஊராட்சி மன்றம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. எனவே சமூக நல அதிகாரிக்குப் புத்ராஜெயாவிலிருந்து உத்தரவு வருகிறது. நகராண்மைக் கழக அதிகாரிக்கு மாநிலத் தலைநகரிலிருந்து உத்தரவு வருகிறது. இருவரும் ஒரே இல்லத்தின் வாசலில் சந்தித்துக்கொள்வது தற்செயலாக நடந்தால்தான் உண்டு.

சுங்கை பூலோவில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. மக்கள் வாயில் சுங்கை பூலோ ஒரே ஊர். நிர்வாகத்தில் அப்படி இல்லை. ஒரு பகுதி செலாயாங் நகராண்மைக் கழகத்தைச் சேர்ந்தது. இன்னொரு பகுதி ஷா ஆலம் மாநகர் மன்றத்தைச் சேர்ந்தது. சுங்கை பூலோ என்று முகவரி எழுதும் சில குடியிருப்புகளுக்குக் கோலசிலாங்கூர்தான் வரிச் சீட்டு அனுப்புகிறது. ஒரு கழகத்தின் எல்லையில் நோட்டீஸ் வாங்கிய இல்லம், பெட்டி படுக்கைகளோடு இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போனால் வேறு கழகத்தின் எல்லையில் புதிய கோப்பாகத் தொடங்கிவிடலாம். பழைய நோட்டீஸ் அதைத் தொடர்ந்து வருவதில்லை.

ஆதி நாகப்பன் அறிக்கை

சரி, நகராண்மைக் கழக உறுப்பினர்கள் இருக்கிறார்களே, அவர்கள் கேட்கக் கூடாதா என்று வினவலாம். கேட்கலாம். ஆனால் அவர்கள் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்பதில்தான் முடிச்சு இருக்கிறது. ஊராட்சி மன்றச் சட்டப்படி, தலைவரைத் தவிர 8 பேருக்குக் குறையாமலும் 24 பேருக்கு மேற்படாமலும் உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. ஒரு நியமனத்தின் காலம் மூன்று ஆண்டுகளுக்கு மேல் போகக் கூடாது.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1950களில் நகரங்களில் தேர்தல் நடந்தது. இந்தோனேசியாவுடன் மோதல் நிலவிய 1965ஆம் ஆண்டில் ஊராட்சி மன்றத் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அதே ஆண்டில் ஊராட்சி மன்றங்களின் செயல்பாட்டை ஆராய அரச விசாரணை ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. அதற்குத் தலைமை ஏற்றவர் ஒரு தமிழர், செனட்டர் ஆதி நாகப்பன். பல மன்றங்களில் நடந்த குறைகளை அந்த ஆணையம் மூடி மறைக்கவில்லை. அப்படியிருந்தும், தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. அறிக்கை 1971இல் வெளியிடப்பட்டது. அரசாங்கம் அந்தப் பரிந்துரையை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டுச் சட்டம் தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. 2018இல் தேர்தலைத் திரும்பக் கொண்டுவருவது பற்றி அமைச்சரே பேசினார். அந்த ஆண்டு முடிவதற்குள் பிரதமர் அதை ஏற்க மறுத்துவிட்டார்.

2008ஆம் ஆண்டு ஆட்சி மாற்றத்துக்குப் பிறகு சிலாங்கூரில் அரசு சாரா இயக்கங்களைச் சேர்ந்தவர்களும் உறுப்பினர்களாக நியமிக்கப்பட்டனர். அவர்களில் நன்றாக உழைத்தவர்களும் உண்டு. ஆயினும் நியமித்தவர் கையிலேயே நீக்கும் அதிகாரமும் இருக்கும்போது, ஒரு தொகுதி ஒதுக்கீட்டிலிருந்து ஓர் இல்லத்துக்குப் போன பணத்தைப் பற்றி உறுப்பினர் ஒருவர் எழுந்து நின்று கேட்பதற்கு நெஞ்சுரம் வேண்டும். எல்லோருக்கும் அது வாய்ப்பதில்லை.

நம்பிக்கைப் பள்ளத்தாக்கு சொல்லும் பாடம்

சுங்கை பூலோவிலேயே இதற்கு ஒரு பழைய பாடம் இருக்கிறது. பூச்செடி வாங்க அந்தப் பக்கம் போகிறவர்கள், அந்த நாற்றுப் பண்ணைகளின் கதையைப் பெரும்பாலும் அறிவதில்லை. 1930இல் அங்கே திறக்கப்பட்டது தொழுநோயாளர் குடியிருப்பு. நோயாளிகளைக் கட்டாயமாகப் பிரித்து வைத்த காலம் அது. மருத்துவர் திராவர்ஸ் என்பவரின் முயற்சியால், சிறை போன்ற விடுதிகளுக்குப் பதிலாகச் சிறு வீடுகளும் தோட்டங்களும் கொண்ட ஊராக அது அமைக்கப்பட்டது. பள்ளிக்கூடம், வழிபாட்டுத் தலங்கள், சிறை, தனி நாணயம் என்று எல்லாமே அதற்குள் இருந்தன. ஒரு காலத்தில் 2,000க்கும் மேற்பட்டவர்கள் அங்கு வாழ்ந்தனர். சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்று எல்லா இனத்தவரும் அவர்களில் இருந்தனர்.

அந்தக் குடியிருப்பில் நோயாளிகளின் சார்பில் ஒரு மன்றமும் இயங்கியது. சேவையைப் பெறுகிறவர்களே அந்தச் சேவையைப் பற்றிப் பேசும் இடம் அது. நோய் குணமான பிறகும் போக இடமில்லாதவர்கள் அங்கேயே தங்கினர். செடி வளர்த்து விற்றுப் பிழைத்தனர். உலகம் ஒதுக்கிய மக்கள் தங்கள் ஊரை ஓர் ஊராகவே வைத்துக்கொண்டார்கள்.

ஆனால் பேசும் உரிமை வேறு, முடிவெடுக்கும் உரிமை வேறு. 2007இல் பல்கலைக்கழகத்தின் மருத்துவத் துறை வளாகத்துக்காகக் குடியிருப்பின் கிழக்குப் பகுதி இடிக்கப்பட்டது. முதியவர்கள் பல காலம் வாழ்ந்த வீடுகளை விட்டு வேறிடம் போனார்கள். பின்னர் அந்த இடத்தின் அருமை உணரப்பட்டது. 2019இல் யுனெஸ்கோ பாரம்பரியத் தலங்களுக்கான உத்தேசப் பட்டியலில் அது இடம்பெற்றது. இடிந்த வீடுகள் திரும்பி வரவில்லை. உள்ளே வாழ்பவர்களின் குரல் எந்த மேசையில் பதிவாக வேண்டும் என்பது முன்கூட்டியே தீர்மானிக்கப்படாவிட்டால், கடைசி நேரத்தில் எழும் குரலுக்கு வலு இருப்பதில்லை என்பதே அந்த இடம் சொல்லும் பாடம்.

வெளியே இரண்டு எடுத்துக்காட்டுகள்

மற்ற இடங்களில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்ப்பதில் தவறில்லை. கேரளத்தில் 1996இல் மக்கள் திட்டம் தொடங்கியபோது, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு வரை ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் கொடுப்பதென்று முடிவானது. பணத்தோடு ஒரு நிபந்தனையும் சேர்ந்து வந்தது. உதவி பெறுகிறவர்களின் பட்டியல் கிராம சபையில் மக்கள் முன்னிலையில் வைக்கப்பட வேண்டும். அக்கம்பக்கத்தார் முன்னால் பெயரை வாசிக்கும்போது, மாடி வீட்டுக்காரர் ஏழை என்று எழுதிக்கொள்வது கடினமாகிவிடும்.

இங்கிலாந்தில் வேறு முறை. முதியோர் பராமரிப்புத் தேவையை மதிப்பிட வேண்டிய கடமை 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊராட்சி மன்றத்துக்கு உண்டு. இல்லங்களின் தரத்தைச் சோதிப்பது தனியான ஆணையம். அந்த ஆணையம் தரும் தர மதிப்பீட்டை ஒவ்வோர் இல்லமும் வருகிறவர்கள் கண்ணில் படும்படி மாட்டி வைக்க வேண்டும். மிகச் சிறப்பு, நன்று, மேம்பாடு தேவை, போதாது என்ற நான்கு படிகள். அப்பாவைச் சேர்க்க வரும் மகள் சுவரைப் பார்த்தாலே போதும்.

அங்கேயும் ஊழலும் புறக்கணிப்பும் அடியோடு ஒழிந்துவிட்டன என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் இரண்டு முறைகளிலும் ஒரு பொது அம்சம் உண்டு. தகவல் கோப்புக்குள் தூங்குவதில்லை. ஒன்று சபையில் வாசிக்கப்படுகிறது, அல்லது சுவரில் தொங்குகிறது.

மூடிவிட்டால் எங்கே போவது?

இந்த இடத்தில் ஒரு நியாயமான அச்சம் எழும். கழகம் கண்டிப்பாக நடந்துகொண்டால் பாதி இல்லங்களை மூட வேண்டியிருக்கும். உள்ளே இருக்கும் பிள்ளைகளும் முதியவர்களும் எங்கே போவார்கள் என்று இல்லம் நடத்துவோர் கேட்கிறார்கள். இதைத் தட்டிக் கழிக்க முடியாது. அரசு இல்லங்களில் இடம் தாராளமாக இருந்திருந்தால் அந்தத் தாதியின் வீட்டுக்கு நான்காவது முதியவர் வந்திருக்கவே மாட்டார். அவசர வழி ஒன்று இல்லை என்பதற்காக ஒரு முதியவரைப் பேருந்து நிலையத்துக்கு அனுப்புவது சட்டத்தைக் காப்பாற்றலாம், முதியவரைக் காப்பாற்றாது.

அதற்காகக் கண்ணை மூடிக்கொள்வதும் விடையாகாது. டத்தோ கிராமாட்டின் இரும்புக் கம்பிகள் அதைச் சொல்கின்றன. கம்பியை வெட்டி ஒரு கதவு வைக்க ஆகும் செலவு பெரிய செலவன்று. அதைச் செய் என்று சொல்ல ஓர் ஆளும், செய்ய ஒரு காலக்கெடுவும், செய்யப் பணமில்லாத இல்லத்துக்கு ஒரு சிறு உதவியும் இருந்தால் போதும். கண்காணிப்பு என்றால் பூட்டுப் போடுவது என்று மட்டும் பொருள் கொள்ளக் கூடாது. பூட்டிக் கிடக்கும் பின்கட்டுக் கதவின் சாவியைத் தேடி எடுத்து வைப்பதும் கண்காணிப்புத்தான்.

ஏழு கோப்புகளுக்கு ஒரு மேசை

ஆகவே கேட்க வேண்டியது பெரிய புரட்சி ஒன்றுமில்லை. இல்லங்களை நகராண்மைக் கழகமே நடத்த வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. குப்பையும் கால்வாயும் பார்க்கவே அவர்களுக்கு நேரம் போதவில்லை. கேட்பது ஒரு மேசை. அந்த ஏழு கோப்புகளும் ஆண்டுக்கு ஒரு முறையாவது சேர்ந்து வைக்கப்படும் மேசை. அதற்குப் பொருத்தமான இடம், மக்களுக்கு மிக அருகில் இருக்கும் ஊராட்சி மன்றமே. கழகத்தின் எல்லைக்குள் இருக்கும் இல்லங்கள் எவை, எவற்றின் பதிவு நடப்பில் உள்ளது, எது விண்ணப்ப நிலையில் உள்ளது, எதற்கு வரி விலக்கு உண்டு, எதற்கு எந்தப் பொதுப் பணம் எவ்வளவு வந்தது என்ற ஒரு பட்டியலை ஆண்டுதோறும் கழகத்தின் முழுக் கூட்டத்தில் வாசிக்க வேண்டும். பக்கத்துக் கழகத்துக்கும் ஒரு பிரதி போக வேண்டும். அங்கே வாழும் பிள்ளைகளின், முதியவர்களின் பெயர் அந்தப் பட்டியலில் வரத் தேவையில்லை, வரவும் கூடாது.

இதற்குப் புதிய சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. ஊராட்சி மன்றச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, மன்றத்தின் கூட்டங்கள் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் திறந்திருக்க வேண்டும் என்கிறது. மன்றமே தீர்மானம் போட்டு மூடினாலன்றி யாரும் போய் உட்காரலாம். செயற்குழுக் கூட்டங்களுக்கு மட்டும் அது பொருந்தாது. அந்தப் பார்வையாளர் நாற்காலிகளில் நம்மவர் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒவ்வொரு பொது இயக்கமும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளலாம்.

சிலாங்கூர்வாசிகளுக்கு இன்னொரு வசதியும் உண்டு. நாட்டிலேயே முதலாவதாக 2011இல் சிலாங்கூர் சட்டமன்றம் தகவல் சுதந்திரச் சட்டத்தை நிறைவேற்றியது. மாநில இலாகாக்களிடமும் ஊராட்சி மன்றங்களிடமும் உள்ள தகவலைக் காரணம் கூறி எழுத்து மூலம் கேட்க அதில் வழி இருக்கிறது. ஒரு தாமான் குடியிருப்பாளர் சங்கம் தன் வட்டாரத்து இல்லங்களின் திட்ட அனுமதி நிலையைக் கேட்டு ஒரு கடிதம் எழுதலாம். ஓர் ஆலய நிர்வாகம் தான் நிதி தரும் இல்லத்துக்காகக் கேட்கலாம். கூட்டரசு மானியத்துக்கு அந்தச் சட்டம் செல்லாது. அதற்கு நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்தின் வாசல் இருக்கிறது.

நன்கொடையாளர்களுக்கும் ஒரு வேலை உண்டு. காசோலையை நீட்டுவதற்கு முன் மூன்று தாள்களைக் கேட்க வேண்டும். சமூக நல இலாகாவின் பதிவுச் சான்றிதழ், நகராண்மைக் கழகத்தின் அனுமதி, கடந்த ஆண்டின் தணிக்கை செய்யப்பட்ட கணக்கு. இவற்றைக் கேட்பது அவமதிப்பு என்று நேர்மையான இல்லங்கள் நினைப்பதில்லை. முன்வாசல் சுவரில் அவற்றை மாட்டி வைக்கும் இல்லங்களுக்கு, கேட்காமலேயே நம்பிக்கை வந்துசேரும். ஏதாவது ஒரு தாள் இல்லை என்றால், அரிசி மூட்டையைத் திருப்பி எடுத்துப் போக வேண்டியதில்லை. அந்தத் தாளை வாங்குவதற்கு அலைய ஒரு நாள் காரையும் ஓர் ஆளையும் கொடுத்து உதவலாம். படிவங்களை மலாய் மொழியில் நிரப்பித் தருவதற்குப் படித்த பிள்ளை ஒருவர் முன்வந்தால், அது பத்து மூட்டை அரிசிக்குச் சமம்.

இல்லம் நடத்துவோரும் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். கணக்குக் கேட்பவர் எதிரி இல்லை. ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த 60 நாட்களுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு அறிக்கை அனுப்புவது சட்டக் கடமை. அதே கணக்கின் ஒரு பிரதியைத் தெருவில் உள்ளவர்கள் பார்க்கும்படி வைப்பதற்குக் கூடுதல் செலவு ஒன்றும் இல்லை. ஒரு நாள் அதிகாரி நோட்டீசோடு வரும்போது, இது நல்ல இல்லம் என்று சாட்சி சொல்ல அந்தத் தெருவே வரும்.

ஊராட்சி மன்றத் தேர்தல் என்றைக்காவது திரும்பி வரலாம், வராமலும் போகலாம். ஆதி நாகப்பன் ஆணையத்தின் பரிந்துரை அரை நூற்றாண்டுக்கு மேலாகக் காத்திருக்கிறது. அதுவரை நியமனம் பெற்ற உறுப்பினர்களிடம், அவர்களை நியமித்தவர் யாராக இருந்தாலும், வரி கட்டுபவர் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு. இந்த வட்டாரத்தில் எத்தனை இல்லங்கள் இருக்கின்றன, அவற்றின் பின்கட்டுக் கதவு திறக்கிறதா? அடுத்த தீபாவளிக்கு அரிசி மூட்டையோடு போகிறவர்கள், போகிற போக்கில் அந்தக் கதவையும் ஒரு முறை திறந்து பார்த்துவிட்டு வரட்டும். ஜூலை மாதத்தில் மறுபடியும் ஒரு முறை போகட்டும்.